ஆறு பிட், எட்டு மாதம், ஒரு செவலைக் குதிரை

திருப்பம் வந்ததும் செவலை கழுத்தை நீட்டி, நான் பிடித்திருந்த வாரை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. இனி இது என் கையில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக அந்த வழியில் தனியாகத்தான் சவாரி போய்க்கொண்டிருந்தேன். வீட்டை நோக்கித் திரும்பும் இடம் அது. முதலில் கேன்டர் எனும் மிதமான ஓட்டம், பத்து எட்டு வைப்பதற்குள் நாலுகால் பாய்ச்சல். இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். இழுக்க இழுக்கத் தலை மேலே போனது, வாய் திறந்தது, வேகம் கூடியது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பதினோரு மீட்டர். எதிரே வண்டிகள் போகும் சாலை. அதற்குக் கொஞ்சம் முன்னால் குதிரை சட்டென்று பக்கவாட்டில் விலகியது, நான் விலகவில்லை. காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குதிரை லாயத்துக்குத் தானே போய்ச் சேர்ந்துவிட்டது. அது சாலையைக் கடந்த அந்த நேரத்தில் வண்டி எதுவும் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இதை எழுதக் காரணம், அன்று அந்தக் குதிரையின் வாயில் இருந்தது நான் அதுவரை வாங்கியதிலேயே கடுமையான பிட். கடுமையானதாகப் போட்டால் நிற்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து, "முதலில் அதன் வாயைத் திறந்து பார்த்தாயா?" என்று கேட்டிருந்தால் எட்டு மாதமும் ஓர் எலும்பும் மிஞ்சியிருக்கும். கடிவாளம் என்று பொதுவாகச் சொன்னாலும், தலைப்பட்டை, கன்னப்பட்டை, மூக்குப்பட்டை, வார் எல்லாம் சேர்ந்ததுதான் கடிவாளம். நான் பேசப்போவது வாய்க்குள் போகும் கம்பியைப் பற்றி. சவாரி செய்பவர்கள் அதை பிட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

செவலை என்னிடம் வந்தபோது அதற்கு ஒன்பது வயது. காயடித்த ஆண் குதிரை, நல்ல அகன்ற மார்பு. வாங்கும் முன் வேலி போட்ட மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி போல் இருந்தது. வெளியில் ஓட்டிப் பார்க்கவில்லை, அதுதான் என் முதல் தவறு. மைதானத்தில் எந்தப் பக்கம் போனாலும் வேலி நிறுத்திவிடும். திறந்த வெளியில் அந்த வேலை முழுவதும் பயிற்சியின் தலையிலும் பிட்டின் தலையிலும் விழுகிறது. வெளியில் ஓட்டுவதற்காகக் குதிரை வாங்குகிறீர்கள் என்றால் வெளியில் ஓட்டிப் பாருங்கள். போகும்போது மட்டும் போதாது, வீட்டை நோக்கித் திரும்பி வரும்போதும் பாருங்கள். அப்புறம், பழைய உரிமையாளர் வெளியே போக எந்த பிட் போட்டார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. குதிரையோடு சேர்ந்து வந்த பிட்டையே போட்டுக்கொண்டேன். நடுவில் ஒரே மூட்டு வைத்து, இரண்டு பக்கமும் ஓடும் வளையம் கொண்ட, வாரின் இழுப்பு நேராக வாய்க்குப் போகும் சாதாரண ஸ்னாஃபிள் அது.

முதல் மாதம் பிரச்சினை இல்லை. இரண்டாவது மாதம் திரும்பி வரும்போது வாரில் கனம் ஏற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல்கள் மடங்காது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், எல்லாம் ஒரே திசையில்தான் இருந்தன: இன்னும் கொஞ்சம் கடுமையாகப் போடு, மூக்குப்பட்டையை இறுக்கு. முதலில் வாட்டர்ஃபோர்டு வாங்கினேன். மணி கோத்த சங்கிலி போல வளைந்து நெளியும் பிட் அது. பிடித்துத் தொங்கக் குதிரைக்கு உறுதியான இடம் கிடைக்காது, அதனால் சாயாது என்றார்கள். இரண்டு வாரம் வேலை செய்தது. மூன்றாவது வாரம் பழைய கனம் திரும்பி வந்தது. அடுத்து மூன்று வளையம் வைத்த பிட். கடைக்காரர் அதைக் கையில் கொடுத்து, "இதோடு பிரேக் பிரச்சினை தீர்ந்தது" என்றார். பத்து நாள் தீர்ந்தது. அப்புறம் தாடைக்கு அடியில் சங்கிலி வரும் கிம்பிள்விக். அதுவும் ஒரு வாரம்தான். மறுபடி மூன்று வளையத்துக்கே போய், வாரைக் கடைசி வளையத்தில் மாட்டினேன். அன்றுதான் விழுந்தேன்.

புதிதாக எதைப் போட்டாலும் முதல் சில நாள் நன்றாக இருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பழக்கமில்லாத இடத்தில் பழக்கமில்லாத அழுத்தம் வரும்போது குதிரை திகைத்து மரியாதையாகப் போகிறது. அதைத் தீர்வு என்று எடுத்துக்கொண்டேன். வலி பழகியதும், அல்லது தப்பிக்கும் வழி கிடைத்ததும், பழையபடி இழுக்கும். அதற்குள் நம் கை இன்னும் கடுமையான கருவிக்குப் பழகியிருக்கும். ஒரு பிட் நல்லதா இல்லையா என்று ஒரு மாதம் போகாமல் முடிவு செய்யாதீர்கள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு வாரத்தில்தான் குதிரைப் பல் பார்க்கும் மருத்துவரை வரவழைத்தேன். குதிரை சும்மா நிற்கிறதே, இந்தச் சமயத்தில் பல்லை ராவிவிடலாம் என்பதுதான் எண்ணம். பிட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் சட்டத்தை மாட்டி, விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். என்னையும் விரல் விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேல்தாடையில், இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஈறுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வெளியே முளைக்காமல் உள்ளேயே படுத்துக்கிடக்கும் ஓநாய்ப் பல் அது, சில குதிரைகளுக்கு வரும் பயனற்ற சிறு பல். பிட் பின்னால் நகரும்போதெல்லாம் அதன்மேல் ஈறு நசுங்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி போல் கூர்ந்து, கன்னத்தின் உள்பக்கத்தைக் கீறியிருந்தது. நான் இறுக்கிக் கட்டிய மூக்குப்பட்டை அந்தக் கன்னத்தைக் கூரான பல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. கீழ்த்தாடையில் பல் இல்லாத இடைவெளியில், பிட் உட்காரும் இடத்தில், இரண்டு பக்கமும் ஆறாத புண். அது நான் உண்டாக்கியது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குதிரை முரட்டுத்தனம் செய்கிறது என்று மூன்று மாதம் கோபப்பட்டிருக்கிறேன். அது வலியை விட்டு ஓடியிருக்கிறது. ஓடிப் பிழைக்கும் பிராணி குதிரை. வலி வந்தால் நிற்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது, ஓட வேண்டும் என்றுதான் தோன்றும். வலி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அதற்கு நேரமும் இல்லை. நான் இழுத்தேன், வலித்தது, ஓடியது, இன்னும் இழுத்தேன். பிற்பாடு படித்தேன், 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பின்லாந்தில் வண்டியோடு ஓடும் பந்தயக் குதிரைகள் 261-இன் வாயைப் பந்தயம் முடிந்தபின் பார்த்திருக்கிறார்கள். 84 சதவீதக் குதிரைகளுக்கு பிட் படும் பகுதியில் ஏதோ ஒரு காயம் இருந்திருக்கிறது. நான் மட்டும் இல்லை என்று ஆறுதல் வரவில்லை. இவ்வளவு சாதாரணமாக நடப்பதை யாரும் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம்தான் வந்தது.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: குதிரை வெளியில் இழுக்க ஆரம்பித்தால் கடைக்குப் போகாதீர்கள், பல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரையின் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருப்பதால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். முன்னால் முளைத்த ஓநாய்ப் பல்லை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஈறுக்குள் இருப்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே முதுகைத் தடவிப் பாருங்கள், சேணம் தோளைக் கவ்வுகிறதா என்று பாருங்கள். வலிக்கிற முதுகும் குதிரையை ஓட வைக்கும், அதை எந்த பிட்டும் நிறுத்தாது. ஒவ்வொரு சவாரி முடிந்தபின்னும் கடைவாய் ஓரத்தையும், பல் இல்லாத இடைவெளியில் ஈறையும் பார்ப்பதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு நிமிட வேலை. நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றோடு பிட்டை நிறுத்திவிட வேண்டும்.

ஓநாய்ப் பல்லை எடுத்துப் பல்லை ராவிய பிறகு மூன்று வாரம் வாயில் எதையும் போடக்கூடாது என்றார் மருத்துவர். எனக்கும் ஏற முடியாத நிலை. அதனால் தலைக்கயிறு மட்டும் போட்டு, நல்ல கையால் பிடித்துக்கொண்டு அதே வழியில் நடத்திக்கொண்டு போனேன். கூட ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அந்த நடையில் தெரிந்த விஷயம் எனக்குப் பெரிய பாடம். வாயில் எதுவும் இல்லை, முதுகில் யாரும் இல்லை, ஆனாலும் அந்தத் திருப்பம் வந்ததும் செவலையின் காது நிமிர்ந்தது, கழுத்து உயர்ந்தது, கால் துடித்தது. அப்படியானால் எல்லாமே வாய் வலி இல்லை. யோசித்தால் விடை என்னிடமே இருந்தது. ஆரம்பத்தில் அந்த இடம் அகலமாகவும் மண் மெத்தென்றும் இருந்ததால் ஒவ்வொரு முறையும் அங்கேதான் கேன்டர் போட்டேன். வீட்டை நோக்கி. இங்கே ஓட வேண்டும் என்று நான்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். போதாததற்கு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் லாயத்தில் அடைத்துவைத்து, வேலைக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகத் தானியமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தானியத்தைக் குறைத்துப் புல்லை அதிகமாக்கினேன். பகல் முழுக்கத் திறந்தவெளியில் விட்டேன். அந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு நாளும் நிறுத்தி, நீண்ட குரலில் "ஓ" என்று சொல்லி, அது அசையாமல் நிற்கும் நொடிகளை எண்ண ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சில நாள் அங்கேயே திரும்பி வந்த வழியே நடத்திப் போனேன், வீடு எப்போதும் அந்தப் பக்கமே வரும் என்று அது நினைக்கக்கூடாது என்பதற்காக. இதையெல்லாம் செய்யாமல் பிட்டை மட்டும் மாற்றியிருந்தால், சரியான பிட்டே கிடைத்திருந்தாலும் தோற்றுத்தான் போயிருப்பேன்.

இனி பிட் விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கிய மூன்றும் 140 மில்லிமீட்டர் அகலம், ஏனென்றால் குதிரையோடு வந்தது அந்த அளவு. ஒரு குச்சியை வாயின் குறுக்கே வைத்து, இரண்டு கடைவாயையும் குறித்து அளந்தபோது செவலைக்குத் தேவை 125 என்று தெரிந்தது. ஓடும் வளையம் உள்ள ஸ்னாஃபிளுக்கு உதட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இடம் இருந்தால் போதும். அதைவிட அகலமாக இருந்தால் ஒரு வாரை இழுக்கும்போது முழு பிட்டும் அந்தப் பக்கம் வழுக்கிப் போகும், நடு மூட்டு நடுவில் இருக்காது. தடிமனைப் பற்றியும் எனக்குத் தவறான எண்ணம் இருந்தது. தடித்தது மென்மையானது என்று நினைத்திருந்தேன். குதிரை வாயை மூடினால் நாக்கு ஏறத்தாழ முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும், காலி இடம் என்று எதுவும் இல்லை. நாக்கு பெரிதாகவும் அண்ணம் தாழ்வாகவும் உள்ள குதிரைக்கு 18 மில்லிமீட்டர் கம்பி வாய் நிறையக் கட்டை வைத்தது போல. செவலைக்கு 14 தான் பொருந்தியது. வாயைத் திறக்கிறது என்றால் மூக்குப்பட்டையை இறுக்கும் முன், உள்ளே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், பக்கவாட்டில் இல்லை, மேலே எலும்பின்மேல்.

மூன்று வளைய பிட் ஏன் எனக்கு வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இழுக்கும் குதிரைக்கு எல்லோரும் முதலில் கைநீட்டுவது அதைத்தான். கன்னப்பட்டை மேல் வளையத்தில், வார் கீழ் வளையத்தில். வாரை இழுத்தால் பிட் சுழன்று வாய்க்குள் மேலே ஏறும், அதே நேரம் தலைப்பட்டை காதுக்குப் பின்னால் உச்சந்தலையைக் கீழே அழுத்தும். மேலே ஏறு என்றும் கீழே இறங்கு என்றும் ஒரே சமயத்தில் சொல்வது போல. எந்த வளையத்தில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து நெம்புகோல் நீளும். தாடைச் சங்கிலி இல்லாததால் சுழற்சிக்கு எல்லை கிடையாது. நாம் கையைத் தளர்த்தினாலும் அது பழைய இடத்துக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். நின்றால் வலி போய்விடும் என்பதைக் குதிரை கற்க அந்தத் தாமதம் தடையாகிறது. ஏற்கெனவே தலையைத் தூக்கித் தப்பிக்கப் பார்க்கும் குதிரையின் தலையை இது இன்னும் தூக்கியது. தலை மேலே போனால் பிட் ஈறைவிட்டுக் கடைவாய்க்கு நழுவிவிடும், முதுகு குழிந்துவிடும், அதற்கப்புறம் யார் இழுத்தும் பயனில்லை. இந்த பிட் எல்லாக் குதிரைக்கும் கெடுதல் என்று சொல்லவில்லை. கம்பி இருக்கும் பெரிய வளையத்தில் ஒரு வாரும் கீழே ஒரு வாருமாக இரண்டு வார் போட்டு நன்றாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். என் குதிரைக்கு, என் கைக்கு அது பொருந்தவில்லை.

புண் ஆறிய பிறகு 125 அளவில், நடுவில் சிறு வட்டத்துண்டு வைத்து இரண்டு மூட்டு உள்ள ஸ்னாஃபிள் வாங்கினேன். மைதானத்தில் அந்த வாயை அவ்வளவு மென்மையாக நான் பார்த்ததே இல்லை. தாடை அசைகிறது, உதட்டோரம் வெள்ளை நுரை, கழுத்து கீழே வருகிறது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அமைதியான வேறொரு குதிரையைத் துணைக்கு வைத்து வெளியே போனபோதும் நன்றாக இருந்தது. தனியாகப் போனபோது, ஐந்தாவது சவாரியில், ஒரு பறவைக் கூட்டம் எழும்பியதும் பழையபடி கழுத்தை நீட்டியது. நிறுத்திவிட்டேன், ஆனால் அதற்கு நான் இழுத்த இழுப்பு எனக்கே பிடிக்கவில்லை. மென்மையான பிட்டில் மூச்சு வாங்க இழுப்பதும் கொடுமைதான். கடுமையான பிட்டை நினைத்துக் குற்ற உணர்ச்சிப்பட்டு, ஸ்னாஃபிள் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று இருந்தவன், இங்கே மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்நூறு கிலோ விலங்கைச் சாலை ஓரத்தில் நிறுத்த முடியாமல் போனால் ஆபத்து எனக்கு மட்டும் இல்லை, அதற்கும், எதிரே வருபவருக்கும்தான்.

இந்த முறை வாங்கவில்லை, இரவல் கேட்டேன். பழைய சவாரிக்காரர்கள் வீட்டில் ஆணியில் தொங்கும் பிட் நிறைய இருக்கும். ஒவ்வொன்றையும் முதலில் மைதானத்தில் நான்கு முறை, அப்புறம் துணைக் குதிரையோடு, அப்புறம்தான் தனியாக. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன், மூக்குப்பட்டையையும் பிட்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பிட் இல்லாமல் மூக்கின்மேல் அழுத்தும் ஹாக்கமோரும் போட்டுப் பார்த்தேன். நேராக நிறுத்தியது, திருப்புவதில் மந்தம், குறுகலான வழியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் பொருந்தியது பெல்ஹாம். மூட்டு இல்லாத கம்பி, நடுவில் நாக்குக்கு இடம் விடும் தாழ்வான வளைவு, இரண்டு வார்.

அந்த இரண்டு வார்தான் என்னை மாற்றியது. மேல் வார் கம்பியின் நேர் பக்கத்தில் இருக்கிறது, ஸ்னாஃபிள் போலத்தான் வேலை செய்யும். கீழ் வாரை எடுத்தால் மட்டுமே நெம்புகோல் பிடிக்கும். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தேன்: பக்கவாட்டில் நிற்கும் பிட்டின் கை கம்பிக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர், கீழே பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கையில் ஒரு கிலோ இழுப்பு தாடைச் சங்கிலி பக்கம் ஏறத்தாழ இரண்டு கிலோவாகவும், வாயில் மூன்று கிலோவாகவும் போய்ச் சேரும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கீழ் வாரைச் சுண்டுவிரலைத் தாண்டி வேறு எதனாலும் தொட மனம் வருவதில்லை. தொண்ணூறு சதவீத நேரம் மேல் வாரிலேயே போகிறேன். தேவை என்றால் கீழ் வாரின்மேல் விரலை ஒருமுறை மூடுவேன், குதிரை காதைத் திருப்பினால் உடனே விடுவேன். இரண்டு வளையத்தையும் ஒரு சிறு தோல் துண்டால் இணைத்து ஒரே வார் மாட்டும் வழியும் உண்டு. இரண்டு வார் கையில் சிக்கும் என்று பயப்படுபவர்கள் அப்படிச் செய்கிறார்கள். என் கருத்தில், அதைச் செய்தால் பெல்ஹாம் வாங்கியதன் பாதிப் பயன் போய்விடுகிறது. ஒரு வாரம் மைதானத்தில் பழகினால் இரண்டு வார் கைக்கு வந்துவிடும். சங்கிலியை முறுக்கு இல்லாமல் தட்டையாகத் தாடைக் குழியில் படும்படி மாட்டி, வாரை இழுக்கும்போது பிட்டின் கை வாயிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி சாயும் இடத்தில் சங்கிலி பிடிக்கும்படி வைக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் ஓயாமல் நசுக்கும்.

எந்த பிட் போட்டாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். நாம் தொடர்ந்து இழுத்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடக் குதிரைக்கு வசதி. எடுத்து, விட்டு, மறுபடி எடுத்து, விட்டு. அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, நான் விழுந்த பிறகு கற்றுக்கொண்டேன்: ஒரு வாரைக் குட்டையாகப் பிடித்து அந்தக் கையைப் பிடரிமேல் அழுத்தி ஊன்றிக்கொள்ள வேண்டும். மற்ற கையால் இன்னொரு வாரை மேலும் பின்னும் எடுத்து விட வேண்டும். உடம்பு பின்னால், குதிகால் கீழே. இதை நடையில் பழகி, ட்ராட் எனும் மெதுவோட்டத்தில் பழகி, உடம்புக்குப் பாடமான பிறகுதான் வெளியே போக வேண்டும். பாய்ச்சலில் போகும் குதிரையை ஒரே வாரால் வெடுக்கென்று திருப்பப் பார்க்காதீர்கள், கால் பின்னிக் குதிரையே விழும். நான் அன்று முன்னால் குனிந்து இரண்டு கையாலும் இழுத்தேன், இரண்டுமே தவறு.

கணக்கு பார்த்தால் மொத்தம் ஆறு பிட். இரண்டு பயன்படுகின்றன, ஸ்னாஃபிள் மைதானத்துக்கு, பெல்ஹாம் வெளியே. நான்கு ஆணியில் தொங்குகின்றன. நான் வீணாக வாங்கிய மூன்றின் விலைக்கு மருத்துவரை மூன்று முறை வரவழைத்திருக்கலாம். யாராவது இரவல் கேட்டு வந்தால் அந்த மூன்றையும் கொடுக்கிறேன், ஆனால் குதிரையின் பல்லை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இப்போதும் செவலைக்கு அந்தத் திருப்பம் வந்தால் காது நிமிர்கிறது. அங்கே நான் கேன்டர் போடுவதே இல்லை. நிறுத்தி, "ஓ" என்று சொல்லி, எண்ணுகிறேன். கடைசிப் பத்து நிமிட வழிக்கு இறங்கி, சேணத்தின் வயிற்றுப்பட்டையைத் தளர்த்தி, கூடவே நடந்து வருகிறேன். போன வாரம் நான்கு நொடி நின்றது. நேற்று வாரைத் தளர்வாக விட்டிருந்தேன், ஏழு வரை எண்ணினேன்.